பிந்தி விழுந்த அடி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் "இந்தப் பொம்பளை ஏன் இப்படிக் கத்துகிறாள்" என்று கேட்க வேண்டாம். மெல்லிசைக் குழுவின் கண்டக்டருக்குக் கோபம் வராவிட்டால் அந்தக் குழு ஒரே வாரத்தில் சந்தைக்கடை ஆகிவிடும்.

விருதுநகரில் என் வேலையைச் சொன்னால் ஜனங்கள் முதலில் சிரிப்பார்கள். "எந்த ரூட்டுத் தாயி? சாத்தூரா, அருப்புக்கோட்டையா?" என்பார்கள். "ரெண்டு டிக்கெட் குடுங்க" என்று கையை நீட்டியவர்களும் உண்டு. "சில்லறை இல்ல, எறங்குங்க" என்று நானும் பதிலுக்குச் சொல்லிவிட்டுப் போவேன். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு வத்தல் கமிஷன் கடை. என்னை பி.காம் படிக்க வைத்ததே கடைக் கணக்கு எழுதத்தான். நான் கண்டக்டர் ஆன புதிதில் ஒரு கச்சேரிக்கு வந்து மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார், பாதியில் எழுந்து போய்விட்டார். மறுநாள் காலை இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டார். "ஏம்மா, மேடையில அம்புட்டுப் பேரும் சனத்தப் பாத்து நிக்காக. நீ மட்டும் முதுகக் காட்டிக்கிட்டு நிக்க. இதுக்குத்தான் உன்னய படிக்க வச்சனா?"

"அம்புட்டுப் பேரும் என்னையப் பாத்துத்தான்ப்பா நிக்காக" என்றேன். அவர் சட்னியைக் கேட்டார்.

உண்மையில் அம்புட்டுப் பேரும் எடுத்த எடுப்பிலேயே என்னைப் பார்த்துவிடவில்லை. அதற்கு ஒரு சண்டை போட வேண்டியிருந்தது. நான் முதலில் அந்தக் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவள். குழுவை நடத்தியவர் சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அடுத்த கச்சேரி சாத்தூரில் ஒரு கல்யாண வரவேற்பு. முன்னால் நின்று கை காட்டுவது யார் என்று ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. கீபோர்டை இன்னொருவரிடம் தள்ளிவிட்டு நானே போய் நின்றேன்.

மேடையில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. அங்கே எல்லாம் கைதான். தலையைத் தொட்டால் பல்லவிக்குத் திரும்ப வேண்டும். விரலைச் சுழற்றினால் அதையே இன்னொரு தடவை வாசிக்க வேண்டும். முஷ்டியை உயர்த்தினால் நிறுத்த வேண்டும். உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே இறக்கினால் சத்தத்தைக் குறைக்க வேண்டும். அன்று நான் என்ன காட்டினாலும் குழுவில் பாதிப் பேர் மண்டப விட்டத்தைப் பார்த்து வாசித்தார்கள். பொம்பளைக் கையைப் பார்த்து வாசிப்பதில் என்ன கௌரவக் குறைச்சலோ! இரண்டாவது பாட்டின் நடுவில் முஷ்டியை உயர்த்தினேன். நிற்கவில்லை. பாடிக்கொண்டிருந்தவரின் மைக்கைப் பிடுங்கி, "மன்னிக்கணும், இந்தப் பாட்ட நாங்க கேவலமா வாசிச்சுட்டோம். முதல்ல இருந்து வாசிக்கப் போறோம்" என்றேன். மாப்பிள்ளையும் பெண்ணும் யாரோ கொடுத்த பரிசுப் பெட்டியைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி தொடங்கியபோது எல்லாக் கண்ணும் என் கையில் இருந்தது.

சில வருடங்கள் கழித்து வந்து சேர்ந்த டிரம்மர் மட்டும் இந்தக் கணக்கில் சேரமாட்டான். அவன் என் கையைப் பார்ப்பான். பார்த்துவிட்டுச் செய்யமாட்டான்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து ஊர்க்காரன். அவன் குடும்பத்தில் முன்பு கரிசல் காட்டில் கூலிவேலை பார்த்தார்கள். இப்போது எல்லாரும் பட்டாசுக் கம்பெனி. அவனும் கொஞ்ச காலம் பட்டாசுக்கு மருந்து அடைக்கிற வேலைக்குப் போய்விட்டு வந்தவன்தான். தாளம் என்றால் அப்படி ஒரு தாளம், கடிகாரம்கூட அவனைக் கேட்டுத்தான் நகர வேண்டும். ஆனால் அந்தச் சத்தம் இருக்கிறதே! புல்லாங்குழல் வரும் இடத்திலும் இடிப்பான். நான் உள்ளங்கையைக் கவிழ்த்து இறக்குவேன். அவன் பல்லைக் காட்டிவிட்டு இன்னும் பலமாக அடிப்பான்.

"ஏலே, என் கை என்ன கறிவேப்பிலையா, பாத்துட்டு ஒதுக்கி வைக்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க ஊருல சின்னச் சத்தத்துக்கு யாரும் திரும்பிப் பாக்க மாட்டாகக்கா" என்றான்.

வேலையை விட்டு நிறுத்திவிடலாம் என்று ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் நினைப்பேன். அடுத்த கச்சேரிக்கு முதல் போன் அவனுக்குத்தான் போடுவேன். வேறு எவனுக்கு அந்தத் தாளம் வரும்?

இந்தப் பக்கம் கச்சேரி நடத்துகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எந்த சங்கீதப் புத்தகத்திலும் அது இருக்காது. பட்டாசு வேலைக்குப் போகிற ஊர்களில், வேன் திரும்பி வரும்வரை டிரம் அடிக்கக் கூடாது. காலையில் கம்பெனி வேன்கள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கும். இடைப்பட்ட நேரத்தில் ஊரில் இருப்பவர்கள் சமைப்பார்கள், தூங்குவார்கள், சண்டை போடுவார்கள், ஆனால் காது மட்டும் கம்பெனிப் பக்கமே இருக்கும். கனத்த சத்தம் ஒன்று கேட்டால் ஊரே ரோட்டுக்கு வந்துவிடும். அதனால் நாங்கள் மதியமே போய் மேடை கட்டினாலும் மைக்கில் ஹலோ சொல்லிப் பார்ப்போம், கீபோர்டு, குழல் எல்லாம் சரி பார்ப்போம், டிரம்மைத் தொடமாட்டோம். கோயில் வாணவேடிக்கைகூட அப்படித்தான். வேன்கள் வந்து, ஆட்கள் இறங்கி, குளித்து முடித்தபின் விழாக் கமிட்டியிலிருந்து ஒருவர் வந்து, "ஆளுக வந்துட்டாக, அடிங்க" என்பார். அதற்கப்புறம்தான் டிரம்மர் குச்சியை எடுப்பான்.

ஒரு வருடம் கோயில் வைகாசிப் பொங்கல் திருவிழாவுக்கு அவன் சொந்த ஊரிலேயே எங்களுக்குக் கச்சேரி கிடைத்தது. பொங்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகியும் அவன் மனைவி அவன் வாசித்து ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் கச்சேரிகள் எல்லாம் வெளியூரில். அவளோ விடிவதற்கு முன் வேன் ஏறிப் போய் ஒரு கம்பெனியில் சரவெடி பின்னிக்கொண்டிருப்பவள். "சோத்துப்பானையில நான் தட்டித்தான்க்கா கேட்டிருக்கா. 'இதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்காக'ங்கா" என்று அவன் எங்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

பொங்கலுக்கும் மறுநாளுக்கும்தான் கம்பெனியில் லீவு. முந்தின நாள் கிடையாது, அவசர ஆர்டர் ஒன்று போக வேண்டியிருந்ததாம். கொஞ்சம் முன்னால் விடுங்கள் என்று அவள் சூப்பர்வைசரைக் கேட்டிருக்கிறாள். பார்க்கலாம் என்றாராம்.

நாங்கள் போய் இறங்கியபோது மைதானத்தில் நாற்காலிகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். டிரம்மர் முதல் வேலையாக முன்வரிசையில் ஒரு நாற்காலியில் பச்சைத் துண்டைப் போட்டு இடம் பிடித்தான். பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கிற மாதிரி! துண்டு காற்றில் பறந்துவிடாமல் நாற்காலிக் கையில் முடிச்சும் போட்டான். பிறகு மேடைக்கு ஓடிவந்து டிரம்மை அந்த நாற்காலிக்கு நேராகத் திருப்பி வைத்தான்.

"அக்கா, இன்னைக்கு ஒரு நாளு மட்டும் கையக் கீழ எறக்கிராதீக" என்றான்.

"எறக்கினா மட்டும் பாத்துருவியாக்கும்!"

ஒலிபெருக்கிக்காரர் அன்றைக்குப் புதிது. எங்கள் வழக்கமான ஆள் வேறு ஊருக்குப் போய்விட்டதால் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து ஒருவர் வந்திருந்தார். வேன் வரும்வரை டிரம் சத்தம் கூடாது என்று நான் அவரிடம் சொன்னேன், தலையாட்டினார். டிரம்மை அடிக்கக் கூடாது என்று மட்டும் புரிந்துகொண்டிருக்கிறார் மனுஷன். பெரிய பெட்டிகள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க, மெஷினில் பதிந்து வைத்திருந்த டிரம் அடி ஒன்றைத் தட்டிவிட்டார்.

டும்.

மேடைப் பலகை காலுக்கடியில் அதிர்ந்தது. நான் அப்போது மேடையின் முன்பக்கம் நின்று ஒரு கோணல் மைக் ஸ்டாண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்த அடியின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு அடி விழுந்தது. கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் மொத்தமாக.

எனக்கு வந்ததே கோபம்! "ஏலே, லேட்டு! முழிச்சுக்கிட்டே தூங்குறது எவன்லே?" என்று டிரம் பக்கம் திரும்பிக் கத்தினேன். தாளம் பிந்தினால் எனக்கு முன்னால் என் வாய் பேசிவிடும். ஆனால் டிரம்முக்குப் பின்னால் யாரும் இல்லை. ஸ்டூல் காலியாக இருந்தது. அவன் மேடைக்குக் கீழே இரண்டு கையிலும் டீ கிளாஸோடு நின்றான்.

"நான் அடிக்கலக்கா" என்றான்.

அதற்குள் ஊர் வெளியே வந்துவிட்டது. பெண்கள், கிழவர்கள், கைப்பிள்ளைக்காரிகள். ஒருத்தி கையில் மாவு ஒட்டிக்கொண்டிருந்தது. கூப்பாடு எதுவும் இல்லை. எல்லாரும் கம்பெனிகள் இருக்கும் மேற்குத் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விழாக் கமிட்டித் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையில் ஏறினார். ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடுகிற ஆள், நாங்களும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

"யாரு அடிச்சது? வேன் வந்துச்சா? யாரக் கேட்டு அடிச்சீக?"

ஒலிபெருக்கிக்காரர் பள்ளிக்கூடப் பையன் மாதிரிக் கையைத் தூக்கினார். "நான்தானுங்க. பெட்டி ஓடுதான்னு பாத்தேனுங்க. மன்னிச்சுக்கோங்க."

அண்ணாச்சி அவரை முறைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார். "யாரும் பயப்படாதீக. பாட்டுக்காரக பெட்டியில இருந்து வந்த சத்தம்தான். வீட்டுக்குப் போயி வேலையப் பாருங்க."

போன உயிர் திரும்பி வந்தது ஊருக்கு. சிரித்தார்கள். சிரிப்போடு சேர்த்துத் திட்டினார்கள். "அடுப்புல பால வச்சுட்டு ஓடியாந்தேன். பொங்கிப் போயிருக்கும், யாரு குடுப்பா?" என்று ஒருத்தி கேட்க, "கண்டக்டரம்மாட்டக் கேளு, பாக்கிச் சில்லறை வச்சிருப்பாக" என்று இன்னொருத்தி சொன்னாள். டிரம்மரும் சிரித்துக்கொண்டே டீயை என்னிடம் நீட்டினான்.

எனக்குக் கை போகவில்லை. முதல் அடி எங்களுடையது. அது இரண்டு பெட்டிகளிலிருந்தும் வந்து என் நெஞ்சில் மோதியது. இரண்டாவது அடி பெட்டிகளிலிருந்து வரவில்லை. அது என் முதுகுக்குப் பின்னால், மேற்கிலிருந்து வந்தது. எங்கள் பெட்டியிலிருந்து வந்த சத்தம் எது, வராத சத்தம் எது என்று எனக்குத் தெரியாமல் போனால் இத்தனை வருடம் நான் மேடையில் நின்றது வெறும் கையாட்டல்தான்.

ஆனாலும் வாய் வரவில்லை. ஆமாம், எனக்கே. நாளை பொங்கல் வைக்கப் போகிற ஊர், இப்போதுதான் மூச்சு விட்டிருக்கிறது. வெளியூரிலிருந்து பாட்டு நடத்த வந்த பொம்பளை மறுபடியும் அவர்களைக் கலங்கடிப்பதா? என் காது தப்பாக இருந்தால்? சரியாக இருந்தால்? எதிரே அவன் டீயை நீட்டிக்கொண்டே நின்றான். அவன் மனைவி இருப்பது மேற்கே. நான் அண்ணாச்சியை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, ரெண்டு சத்தம் கேட்டுச்சு."

"என்ன ரெண்டு?"

"ஒண்ணுதான் எங்களது."

அவர் முகம் வெளுத்தது. உடனே சமாளித்துக்கொண்டார். "பள்ளிக்கூடச் செவுத்துல பட்டுத் திரும்பியிருக்கும். எதிரொலி. நல்ல நாளும் பொழுதுமா நாக்குல சனிய வச்சுக்கிட்டுப் பேசாதீக தாயி."

"எதிரொலின்னா இப்ப அடிச்சாலும் ரெண்டு கேக்கணும்ல?"

அவர் பள்ளிக்கூடப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். "அடிச்சுப் பாருங்க" என்றார்.

நான் மைக்கில் சொன்னேன். "இப்ப பெட்டியில ஒரே ஒரு அடி அடிக்கப் போறோம். யாரும் பயப்படாதீக. பேசாம நின்னு கேளுங்க." சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். நான் ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தினேன். முதல் அடிக்குக் கையை உயர்த்துவதும் இறக்குவதும்தான் என் பிழைப்பு. அன்றைக்கு உயர்த்திய கையை இறக்க எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு கேட்க வேண்டும் என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டு இறக்கினேன்.

டும்.

ஒன்றுதான். பள்ளிக்கூடச் சுவர் எதையும் திருப்பித் தரவில்லை.

"இன்னொரு மட்டம்" என்றார் அண்ணாச்சி. இன்னொரு தடவை அடித்தார்கள். அப்போதும் ஒன்றுதான்.

"முன்ன ரெண்டு கேட்டுச்சு" என்றாள், மாவுக் கையோடு நின்ற பெண். "நான் கேட்டேன். சொல்லப் பயந்துக்கிட்டு இருந்தேன்."

"எனக்கும் கேட்டுச்சு" என்றார் ஒரு கிழவர். அப்புறம் இன்னொருவர், அப்புறம் இன்னொருத்தி. எத்தனையோ பேருக்குக் கேட்டிருக்கிறது. குற்றம் எங்கள் பெட்டியோடு போகட்டும் என்று எல்லாரும் ஆசைப்பட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பாவம், வேறு என்ன செய்வார்கள்!

டிரம்மர் டீ கிளாஸ் இரண்டையும் மேடை ஓரத்தில் அலுங்காமல் வைத்தான். பிறகு ஓடினான்.

ஒருவர் தண்ணீர்த்தொட்டி ஏணியில் ஏறினார். எல்லாரும் கீழே அண்ணாந்து நின்றோம். பாதி ஏணியிலேயே அவர் நின்றுவிட்டார். "மேக்க புகை! வெள்ளையாக் கெளம்புது!"

"எந்தக் கம்பெனிடா?"

"தெரியல! மரம் மறைக்கி!"

மேற்கே ஒன்றா இரண்டா, வரிசையாகக் கம்பெனிகள். ஊர்க்காரர்கள் ஒவ்வொன்றிலும் இருந்தார்கள். போன் போட்டுப் பார்க்கலாம் என்றால், போனை கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், உள்ளே கொண்டுபோக முடியாது. கேட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. சூப்பர்வைசர் நம்பரோ பிஸி. பைக்குகள் கிளம்பின. ஒன்றின் பின்சீட்டில் டிரம்மர் தொற்றிக்கொண்டு போனான்.

போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். ஆம்புலன்ஸுக்கு வழி வேண்டும் என்று கம்பெனிகளுக்குப் பிரிகிற விலக்கு ரோட்டிலேயே போலீஸ் மறித்துவிட்டதாம். எந்தக் கம்பெனி என்று கேட்டதற்கு, "வந்தாத் தெரியும், வீட்டுக்குப் போங்க" என்றார்களாம். டிரம்மர் வந்து மேடைக்கருகே நின்றான். நான் கீழே இறங்கி அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

அவன் மேற்கே பார்த்தபடியே பேசினான். "நீங்க சொல்லாம இருந்திருந்தா இந்நேரம் டீ குடிச்சுக்கிட்டு இருப்பேன்லக்கா."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அலங்கார வளைவில் சீரியல் லைட்டு ஓடிக்கொண்டே இருந்தது. சிவப்பும் பச்சையுமாக ஒரு மயில் தோகையை விரித்தது, மடக்கியது, விரித்தது. அணைக்கணும் என்று எவனுக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. முன்வரிசையில் துண்டு முடிந்த நாற்காலி அப்படியே இருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைக்க நினைக்கக் கண் அங்கேதான் போனது.

வேன் சத்தம் கேட்டது. கூட்டம் மொத்தமாக அந்தப் பக்கம் பாய்ந்தது. அது அச்சங்குளம் பக்கத்திலிருந்து வருகிற வேன், அவள் வருகிற வேன் இல்லை. சாப்பாட்டுப் பையோடு இறங்கிய பெண்களை அவரவர் வீட்டார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். ஒரு கிழவி தன் மருமகளின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை, சத்தம் போட்டு அழவும் இல்லை. பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு இன்னும் ஆள் வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த வேன் ரோட்டு வழியாக வரவில்லை. கண்மாய்க் கரை மேலே, வெளிச்சம் இருக்கும்போதே ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கி வந்தது. டிரம்மர் வேனோடு கூடவே ஓடினான். வேன் நின்றதும் கதவுக்கு நேராக நின்றான். நான் அவனுக்குப் பின்னால் நின்றேன். முதலில் இறங்கியவள் முந்தானையை வாயில் பொத்தியிருந்தாள். அடுத்தவள் இறங்கி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முழங்கைவரை வெள்ளிப் பொடி. ஒவ்வொருத்தி இறங்கும்போதும் அவன் தலை முன்னே போகும், பின்னே வரும். பிறகு கொஞ்ச நேரம் யாரும் இறங்கவில்லை. அவன் படியில் காலை வைத்துவிட்டான்.

"என்னய எதுக்குப் புடிக்கிறீக? விடுங்க! நான் நடந்துக்கிருவேன்!"

மைதானம் முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல். அவள்தான். இரண்டு பக்கமும் இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். உடம்பில் தீக்காயம் இல்லை. தலைமயிரெல்லாம் புழுதி. இடது காதோரம் மெல்லிசாக ரத்தம் காய்ந்திருந்தது.

அவன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் அவன் வாயைப் பார்த்தாள்.

"என்ன சொல்லுத?" என்று கத்தினாள்.

"பக்கத்து ரூமுதான் வெடிச்சது" என்றாள், அவளைத் தாங்கியிருந்த பெண். "இவ வாசல்ல நின்னா. சத்தத்துல காது அடச்சிருச்சு. அதுல இருந்து ஒண்ணுமே கேக்கல இவளுக்கு. தான் கத்துறதே தெரியாமக் கத்துறா."

"ஒண்ணுமில்ல, வந்துட்டேல்ல, ஒண்ணுமில்ல" என்றான் அவன். அவள், "சத்தமாச் சொல்லு!" என்றாள். அவன் சத்தமாகச் சொன்னான். அதற்கும் அவள், "கேக்கல! கேக்கலங்கேன்ல!" என்றாள். அவன் தொண்டை கிழியக் கத்தினான், அவள் அதற்கு மேலே கத்தினாள். அதுவரை இல்லாத பயம் அவள் கண்ணில் ஏறுவதைப் பார்த்தேன். கூட்டம் சுற்றி நெருக்கிக்கொண்டு ஆளாளுக்கு ஒன்றைச் சொல்லியது. எல்லா வாயும் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை என்றால் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்!

அவன் பேச்சை நிறுத்தினான். வலது கையை அவள் முகத்துக்கு நேரே உயர்த்தினான். உள்ளங்கையைக் கவிழ்த்தான். மெல்ல, மெல்லக் கீழே இறக்கினான்.

அது என் கை. வருடக்கணக்காக நான் அவனுக்குக் காட்டி, அவன் பல்லைக் காட்டி ஒதுக்கிய அதே சைகை. ஒருமுறை இறக்கிவிட்டு மறுபடியும் உயர்த்தி இறக்கினான். அவள் கண் அந்தக் கையோடு கூடவே இறங்கியது. "கேக்கல" என்றாள், குறைந்த குரலில். அவன் இன்னொரு தடவை இறக்கினான். அவள் மூச்சு இறங்கியது.

பிறகு பக்கத்தில் நிற்பவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள். "துண்டு போட்டு வச்சிருந்தியா?"

அவன் தலையாட்டிவிட்டு முன்வரிசையைக் காட்டினான். நான் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. மேடைக்குப் பின்னால் போய் அழுதேன்.

பக்கத்து அறையில் இருந்தவர்கள் அடுத்த ஊர்க்காரர்கள். அவர்களில் ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பவில்லை. "சாமிக்குப் பொங்கல் வச்சுக்கிருவோம். பாட்டு வேண்டாம் தாயி" என்றார் அண்ணாச்சி. நாங்களும் வாசிக்கிற நிலையில் இல்லை. ஒரு சத்தம் எழாமல் டிரம்மைக் கழற்றிப் பெட்டியில் வைத்தோம். ஒலிபெருக்கிக்காரர் ஒவ்வொரு ஒயரையும் சுருட்டும்போது அழுதுகொண்டே சுருட்டினார். தன்னால்தான் எல்லாம் நடந்தது என்று அந்த மனுஷனுக்கு எப்படியோ மனசில் விழுந்துவிட்டது. அப்படி இல்லை என்று நானும் அண்ணாச்சியும் மாறி மாறிச் சொல்ல வேண்டியிருந்தது.

மறு வருடம் அதே பொங்கலுக்கு அதே ஊரில் எங்களைக் கூப்பிட்டார்கள். அவளுக்கு இடது காது திரும்பி வரவேயில்லை, வலது காது பாதிக்கு மேல் வந்திருந்தது. கம்பெனியை விட்டுவிட்டு சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டருக்குத் தகரம் போடுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். டிரம்மர் இந்தத் தடவையும் துண்டு போட்டான். வலது காது மேடைப் பக்கம் வருகிற மாதிரி வரிசையின் இடது ஓரத்தில். வேன்கள் எல்லாம் வந்து சேரும்வரை நாங்கள் ஒரு தட்டுத் தட்டவில்லை. வேன்கள் வந்தன. அண்ணாச்சி குளித்து விபூதி பூசி வந்து, "ஆளுக வந்துட்டாக தாயி, அடிங்க" என்றார்.

அடித்தான். திருந்துகிற ஜென்மமா அது! முதல் பாட்டிலேயே புல்லாங்குழல் இருக்கிற இடம் தெரியவில்லை. நான் உள்ளங்கையைக் கவிழ்த்து இறக்கினேன். பார்த்தான், பல்லைக் காட்டினான், இன்னும் பலமாக இடித்தான். மறுபடி இறக்கினேன். அதற்கும் மசியவில்லை. இந்தக் கச்சேரியோடு இவனுக்குக் கணக்கு முடித்துவிட வேண்டியதுதான் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தபோதே அவன் கண் என் தோளைத் தாண்டிப் போனது. சத்தம் இறங்கியது. படிப்படியாக, நான் இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த அந்த இடத்துக்கு அப்படியே இறங்கி நின்றது. குழல் மேலே வந்தது.

பாட்டின் நடுவில் கண்டக்டர் திரும்பக் கூடாது. நான் திரும்பிப் பார்த்தேன். அவள் முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்து, வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள்.

எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம்! அதற்கப்புறம் அன்றைக்கு முழுக்க அவனுக்கு நான் அந்தக் கையைக் காட்டவே இல்லை. அவளிடமே விட்டுவிட்டேன்.